மொரீசியஸில் ஃப்ரீமேசன் படிகள்: புதிதாக நுழைபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃப்ரீமேசன் என்பது கல்தச்சர் சங்கங்களிலிருந்து வளர்ந்த ஒரு சகோதர அமைப்பு. அதன் உள்ளூர்க் கிளைதான் லாட்ஜ், உறுப்பினர் ஒவ்வொன்றாகப் பெறும் நிலைதான் படி. லாட்ஜில் சேர ஆசைப்படும் நம் பிள்ளைகள் என்னிடம் பேச வந்தால், பெரும்பாலும் 33-ஆம் படியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு எத்தனை வருஷம் ஆகும், எவ்வளவு செலவாகும், அங்கே போனவருக்கு என்ன கிடைக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். தமிழில் ஓடும் இல்லுமினாட்டி வீடியோக்கள் கிளப்பிவிட்ட ஆர்வம் அது. அவர்களிடம் நான் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். எந்த லாட்ஜ்? அதை ஆளும் தலைமை அமைப்பு எது? அங்கே எந்தச் சடங்குமுறை நடக்கிறது? உங்கள் நம்பிக்கைக்கு அங்கே இடம் உண்டா? இவை தெளிவான பிறகுதான் மேல்படிகளைப் பற்றிப் பேச முடியும். மொரீசியஸில் இது இன்னும் முக்கியம். இந்தச் சின்னத் தீவில் பிரெஞ்சு மரபும் ஆங்கிலேய மரபும் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் சேர்ந்தவருக்கு மற்றதன் கதவு பெரும்பாலும் திறக்காது.

முதலில் மூன்று படிகளைப் புரிந்துகொள்ளுங்கள்

எந்த நாட்டில், எந்த மரபில் சேர்ந்தாலும் அடிப்படை மூன்றே படிகள்: பயிலாள், தோழன், மேஸ்திரி. இங்கே பிரெஞ்சு லாட்ஜில் அப்ராந்தி, கொம்பாஞ்ஞோன், மேத்ர் என்று சொல்வதைக் கேட்பீர்கள். 1717-இல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து, லாட்ஜுகளை ஆளும் தலைமை அமைப்பாக முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன. அதன் பிறகு இந்த இயக்கம் கல் செதுக்குபவர்களின் கையை விட்டுப் பெரும்பாலும் போய்விட்டது. கருவிகள் மட்டும் தங்கின. மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் இங்கே ஒழுக்கத்தைச் சொல்லித்தரும் அடையாளங்கள்.

(போர்ட் லூயிஸுக்கே ஒரு கொத்தனார் வரலாறு உண்டு. 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, நகரத்தையும் துறைமுகத்தையும் கட்டப் பாண்டிச்சேரியிலிருந்து நம் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். அவர்கள் உண்மையிலேயே கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வேலை செய்தவர்கள். லாட்ஜ் மரபுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் மூலைமட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.)

மூன்றாம் படியின் கதையைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மேல்படிகள் எல்லாம் ஏன் முளைத்தன என்பது அதில்தான் இருக்கிறது. எருசலேமில் சாலமோன் அரசன் கோவில் கட்டுகிறான். தலைமை மேஸ்திரியின் பெயர் ஹிராம். மேஸ்திரிகளுக்கு மட்டுமே உரிய இரகசியத்தைச் சொல்லும்படி மூன்று வேலையாட்கள் அவரை மிரட்டுகிறார்கள். அவர் மறுக்கிறார், கொலையாகிறார். அவரோடு ஒரு சொல்லும் தொலைந்துபோகிறது. கதை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

பாதியில் நின்ற கதையை யாரால் சும்மா விட முடியும்? கொலைகாரர்கள் என்ன ஆனார்கள், ஹிராமின் இடத்துக்கு யார் வந்தார்கள், தொலைந்த சொல் எங்கே கிடைத்தது, பாபிலோனியர் இடித்த கோவிலைத் திரும்பக் கட்டியவர்கள் யார் என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி உருவானது. 1736-இல் பாரீஸில் ராம்சே என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதிய உரை இதற்கு இன்னொரு திசையைக் காட்டியது. மேசன்களின் முன்னோர் சிலுவைப் போர் வீரர்கள் என்றார் அவர். அதற்கு வரலாற்று ஆதாரம் கிடையாது. ஆனால் பிரெஞ்சுப் பிரபுக்களுக்குக் கொத்தனாரின் வாரிசு என்பதைவிட வீரனின் வாரிசு என்பது பிடித்துப்போனது. அடுத்த சில பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான படிகள் கிளம்பின. அவற்றைச் சலித்துக் கோத்து வரிசையாக்கிய தொகுப்புகளைத்தான் இன்று சடங்குமுறைகள் என்கிறோம்.

புதியவர் மனதில் பதிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேஸ்திரிக்கு மேலே படிகள் இருக்கலாம், அதிகாரம் கிடையாது. 32-ஆம் படி பெற்றவர் சாதாரண லாட்ஜ் கூட்டத்துக்கு வந்தால், மூன்று படி மட்டுமே பெற்ற லாட்ஜ் தலைவருக்குக் கட்டுப்பட்டுத்தான் உட்கார வேண்டும். 1813-இல் இங்கிலாந்தின் இரண்டு கிராண்ட் லாட்ஜுகள் ஒன்றானபோது, பழைய தூய மேசன் மரபு என்பது மூன்று படிகள்தான், மேஸ்திரி படியின் கதையை முடித்துவைக்கும் ராயல் ஆர்ச்சும் அதில் அடக்கம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து, இங்கே இருக்கும் இரண்டு வழிகள்

மொரீசியஸின் மிகப் பழைய லாட்ஜ் போர்ட் லூயிஸில் 1778-இல் தொடங்கிய 'லா திரிப்ள் எஸ்பெரான்ஸ்'. அது கிராண்ட் ஓரியன்ட் என்ற பிரெஞ்சுத் தலைமை அமைப்பின் கீழ் உருவானது. 1810-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். இங்குள்ளவர்களின் மதத்தையும் சட்டத்தையும் வழக்கங்களையும் விட்டுவைப்பதாக ஒப்புக்கொண்டதால் பிரெஞ்சு லாட்ஜுகளும் நிலைத்தன, ஆங்கிலேய மரபும் வந்து சேர்ந்தது. 1813-இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாகப் போகும் வழியில் மொய்ரா பிரபு இங்கே இறங்கி, கத்தோலிக்கரின் செயின்ட் லூயிஸ் கதீட்ரலுக்கு மேசன் சடங்கோடு அடிக்கல் நாட்டினார். 1738-இலேயே போப்பாண்டவர் மேசன்களுக்குத் தடை போட்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து போர்ட் லூயிஸ் எப்படிப்பட்ட ஊர் என்று புரியும்.

பிரிவு பிறகு வந்தது. 1877-இல் கிராண்ட் ஓரியன்ட், உறுப்பினர் கடவுளை நம்பியே ஆக வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. அதற்காக வாதாடிய ஃப்ரெடெரிக் தெமோன் ஒரு புராட்டஸ்டன்ட் போதகர். மனச்சாட்சியில் யாரும் தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். லண்டனின் கிராண்ட் லாட்ஜ் அதை ஏற்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு பக்கமும் ஒருவர் லாட்ஜுக்கு மற்றவர் முறைப்படி போவதில்லை.

இதன் நடைமுறை விளைவை ஒரு உதாரணத்தால் சொல்கிறேன். நீங்கள் ரோஸ் ஹில்லில் இருக்கிறீர்கள், வருஷம் ஒருமுறை சென்னைக்குப் போகிறீர்கள், அங்கேயும் லாட்ஜுக்குப் போய் உட்கார ஆசை என்று வைத்துக்கொள்வோம். 1961-இல் அமைந்த இந்திய கிராண்ட் லாட்ஜ் ஆங்கிலேய மரபைச் சேர்ந்தது. கிராண்ட் ஓரியன்ட் லாட்ஜில் சேர்ந்தவரை அங்கே உள்ளே விட மாட்டார்கள். ஆங்கிலேய மரபு ஏற்கும் லாட்ஜில் சேர்ந்தவர் சான்றிதழைக் காட்டி, செயலாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போகலாம். பாரீஸுக்கும் ரீயூனியனுக்கும் அதிகம் போய்வருபவர் வேறு மாதிரி யோசிப்பார். எது உயர்ந்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. நீங்கள் எந்த ஊர்களில் வாழப் போகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நேரடியானது. ஆங்கிலேய மரபின் ஆண்கள் லாட்ஜில் சேர்க்க மாட்டார்கள். கிராண்ட் ஓரியன்ட் 2010 முதல் பெண்களைச் சேர்க்க அனுமதிக்கிறது, ஆனால் ஒவ்வொரு லாட்ஜும் தானே முடிவெடுக்கும். 1893-இல் பாரீஸில் மரியா தெரேம், ஜார்ஜ் மார்த்தன் இருவரும் தொடங்கிய 'லெ துருவா யுமேன்' ஆணும் பெண்ணும் சமமாக உட்காரும் அமைப்பு. அன்னி பெசன்ட் 1902-இல் அதில் சேர்ந்து, இந்தியாவுக்கும் அதைக் கொண்டுவந்தார்.

நம்பிக்கையைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள்

நம் ஆட்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவது இதைத்தான். ஆங்கிலேய மரபில் உங்களிடம் கேட்கப்படுவது, மேலான ஒரு இறைவனை நம்புகிறீர்களா என்பது மட்டுமே. எந்த மதம் என்று அளவெடுக்க மாட்டார்கள். ஆனால் இந்த நிலை எளிதில் வரவில்லை. இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குபவர்கள், அவர்களைச் சேர்க்க முடியாது என்று கல்கத்தாவில் பல ஆண்டுகள் தடுத்தார்கள். பிரசன்ன குமார் தத் விடாமல் போராடி 1872-இல் உள்ளே போனார். இன்று முருக பக்தரும் அம்மன் பக்தரும் எந்தச் சங்கடமும் இல்லாமல் அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லலாம்.

உறுதிமொழி எடுக்கும்போது உங்கள் மதம் புனிதமாகக் கருதும் நூலை வைக்கச் சொல்லலாம். இந்துக்களுக்குப் பெரும்பாலும் கீதையை எடுத்து வைப்பார்கள். உங்கள் மனதைக் கட்டுவது திருமுறைதான் என்றால் தயங்காமல் முன்பே சொல்லுங்கள், அன்றைக்குச் சொன்னால் தேடி எடுக்க நேரம் இருக்காது. கிராண்ட் ஓரியன்ட் லாட்ஜில் வேத நூல் கட்டாயம் இல்லை, அமைப்பின் சாசனத்தின் மேல் வாக்குக் கொடுப்பார்கள்.

மேல்படிகளில் நிலைமை மாறுகிறது. இங்கிலாந்தின் கீழ் இயங்கும் பண்டைய ஏற்கப்பட்ட சடங்குமுறையில் (மற்ற நாடுகளில் இதைத்தான் ஸ்காட்டிஷ் சடங்குமுறை என்கிறார்கள்), அதாவது ரோஸ் க்ருவா என்று பரவலாக அறியப்படும் 18-ஆம் படியில், திரித்துவத்தை நம்பும் கிறிஸ்தவர் மட்டுமே சேரலாம். சிலுவைப் போர் வீரர்களின் பெயரைத் தாங்கிய நைட்ஸ் டெம்ப்ளர் என்ற மேல்படி அமைப்பும் அப்படியே. பெயர் ஸ்காட்டிஷ் சடங்குமுறைதானே, பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் எல்லா மதத்தவரும் இருக்கிறார்களே என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அதே 33 படிகள், ஆனால் ஆளும் அமைப்பு வேறு, நிபந்தனையும் வேறு. இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்து மேல்படிகளை விரும்பினால், இந்த ஒரு விஷயத்துக்காகவே தொடக்கத்தில் எந்த மரபில் சேர்வது என்று யோசிக்க வேண்டியிருக்கும். பத்து வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டு வருத்தப்படுவதைவிட முதல் சந்திப்பிலேயே கேட்பது நல்லது.

நம்மில் கத்தோலிக்கர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: 1983-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவிப்பின்படி, மேசன் அமைப்புகளில் சேரும் கத்தோலிக்கர் நற்கருணை வாங்கக் கூடாது. 2023-இல் அதைத் திரும்பவும் உறுதிசெய்தார்கள். லாட்ஜ் உங்களைத் தடுக்காது. முடிவு உங்களுடையது, குடும்பத்தோடு பேசிவிட்டு எடுங்கள்.

சடங்குமுறைகள்: எதில் என்ன இருக்கிறது

ஆங்கிலேய மரபில் லாட்ஜின் மூன்று படிகளுக்கு இமுலேஷன் என்ற முறை பரவலானது. எல்லாவற்றையும் மனப்பாடமாக, ஏடு பார்க்காமல் சொல்ல வேண்டும். தேவாரம் ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. மேஸ்திரியாகி நான்கு வாரம் கழிந்தால் ராயல் ஆர்ச்சில் சேரலாம். தொலைந்த சொல்லின் கதை அங்கேதான் முடிவுக்கு வருகிறது. எல்லா மதத்தவருக்கும் இடம் உண்டு. மார்க் மேசன் என்பது இன்னொன்று. ஒவ்வொரு கல்தச்சனும் தன் கல்லில் பொறிக்கும் அடையாளத்தைப் பற்றியது. அதிலும் மதத் தடை இல்லை. எனக்குப் பிடித்தமான படி அது, வேலையின் நேர்மையைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசுகிறது. ஸ்காட்லாந்து மரபில் மார்க் படியை வாங்காமல் ராயல் ஆர்ச்சுக்குப் போக முடியாது. இங்கிலாந்து மரபில் இரண்டும் தனித்தனி. அமெரிக்கர்கள் யார்க் சடங்குமுறை என்று சொல்வது ராயல் ஆர்ச், கிரிப்டிக், டெம்ப்ளர் என்ற மூன்று மேல்படித் தொகுப்புகளையும் கோத்த மாலை.

ஸ்காட்டிஷ் சடங்குமுறைதான் அந்தப் புகழ்பெற்ற 33. பெயரில் ஸ்காட்லாந்து இருந்தாலும் பிரான்ஸில் முளைத்து, 25 படிகளாக எஸ்தியென் மோரன் என்பவர் மூலம் கரீபியத் தீவுகளுக்குப் போய், 1801-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 33 ஆக முழுமை பெற்றது. 4 முதல் 14 வரை ஹிராமின் கதையின் தொடர்ச்சி, கடமை, துக்கம், நீதி. 15 முதல் 18 வரை கோவிலைத் திரும்பக் கட்டுவதும் அன்பும். 19 முதல் 30 வரை வீரர் படிகள், கொடுங்கோன்மைக்கு எதிரான நிலை. 31, 32 நிர்வாகமும் நீதியும் சார்ந்தவை. 33 என்பது சிலருக்கு மட்டும் அழைப்பின் பேரில் தரப்படுவது, இந்தச் சடங்குமுறையை நடத்தும் பொறுப்பு. உலகத்தை ஆளும் நாற்காலி அல்ல. இல்லுமினாட்டி என்பது 1776-இல் பவேரியாவில் தொடங்கி, 1785-க்குள் தடைசெய்யப்பட்டு அழிந்த வேறொரு சங்கம்.

33 படிகளுக்கும் 33 விழா நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல படிகள் பெயரளவில் கொடுக்கப்படும். 4, 14, 18, 30 போன்ற சிலவற்றைத்தான் முழுச் சடங்காக நடத்துவது பிரெஞ்சு வழக்கம். இடையில் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 4 முதல் 32 வரை ஒரு வார இறுதியிலேயே முடிப்பதும் உண்டு. அப்படி வாங்கியவரையும், பத்து வருஷம் காத்திருந்தவரையும் எண்ணை வைத்து ஒப்பிட முடியாது.

பிரெஞ்சு சடங்குமுறை சுருக்கமானது. கிராண்ட் ஓரியன்ட் 1780-களில் ஒழுங்குபடுத்தியது. மூன்று படிகளுக்கு மேல் நான்கு வரிசைகள், மொத்தம் ஏழு. கதையின் சாரம் எல்லாம் அந்த நான்கில் வந்துவிடும். நிதானமாகப் படிக்க விரும்புபவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. பிரான்ஸின் லியோன் நகரில் வில்லர்மோஸ் என்பவர் உருவாக்கிய திருத்தப்பட்ட ஸ்காட்டிஷ் முறை ஆறு படிகள் கொண்டது, கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊறியது. எகிப்தின் பெயரைச் சொல்லும் மெம்பிஸ்-மிஸ்ராயிமில் 90-க்கும் மேல் படிகள். தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

விண்ணப்பிப்பது எப்படி

உங்களைத் தேடிவந்து யாரும் அழைக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். தெரிந்த உறுப்பினர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லாட்ஜுக்கே கடிதம் எழுதலாம். ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ வந்து பணம் கட்டினால் நேராக 33-ஆம் படி தருகிறேன் என்பவன் மோசடிக்காரன், சந்தேகமே வேண்டாம். பணத்தோடு பாஸ்போர்ட் நகலையும் கேட்பார்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

பிறகு விசாரணை. பிரெஞ்சு முறையில் மூன்று பேர் தனித்தனியாக வந்து பேசி அறிக்கை எழுதுவார்கள். வேலை, குடும்பம், அரசியல், மதம் எல்லாம் கேட்பார்கள். இன்னொரு நாள் கண்ணைக் கட்டி லாட்ஜுக்குள் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். குரல்கள் நாலாபக்கமும் வரும், நிதானமாகப் பதில் சொன்னால் போதும். சேரும் நாளில் சின்ன அறையில் தனியாக விட்டு உயில் எழுதச் சொல்வார்கள். அது சட்டப்படியான உயில் அல்ல, வாழ்க்கையைப் பற்றி உங்கள் எண்ணம். ஆங்கிலேய முறையில் முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், குழுவோடு ஒரு நேர்காணல். இரண்டு முறையிலும் கடைசியில் கறுப்பு, வெள்ளைக் குண்டுகளால் இரகசிய வாக்கெடுப்பு.

பிரெஞ்சு லாட்ஜில் பயிலாள் கூட்டத்தில் பேசக் கூடாது. மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தோழனாகும் முன் 'ப்ளாஞ்ஷ்' என்ற கட்டுரை எழுதி வாசிக்கச் சொல்வார்கள். பிரெஞ்சு எழுத்தில் தடுமாற்றம் இருந்தால் இப்போதே பயிற்சியைத் தொடங்குங்கள்.

செலவைக் கேட்க வெட்கம் வேண்டாம். நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, ஏப்ரன், வெள்ளைக் கையுறை, கறுப்பு சூட், ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் விருந்துப் பங்கு, தர்மப் பெட்டியில் போடும் காசு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, வீட்டுக்குச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், சாப்பாடு. காவடி விரதம் இருக்கும் நாட்களில் கூட்டம் வந்தால் விருந்து ஏற்பாடு செய்பவரிடம் முன்பே சொல்லுங்கள். சைவம் தருவார்கள். வாழ்த்துக் கோப்பையில் மது இருக்க வேண்டிய அவசியமில்லை, தண்ணீரோ பழச்சாறோ போதும்.

மேஸ்திரியான பிறகு

உடனே வேறொன்றில் சேரச் சொல்லி அன்பாக அழைப்பு வரும். ஒரு வருஷமாவது லாட்ஜிலேயே ஒரு பொறுப்பை எடுத்துச் செய்யுங்கள், அது கதவருகே நிற்கும் உள் காவலர் வேலையாக இருந்தாலும் சரி. உங்களுக்குப் பின்னால் வந்த பயிலாளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், மூன்றாம் படியில் எவ்வளவு புரியாமல் விட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரியும். அதன் பிறகு ஆங்கிலேய மரபில் இருப்பவர் ராயல் ஆர்ச்சுக்கும் மார்க்குக்கும் போகலாம். பிரெஞ்சு மரபில் இருப்பவர் தன் லாட்ஜ் எந்த முறையில் நடக்கிறதோ அதன் மேல்படிகளையே எடுப்பது கதையின் இழையை விடாமல் இருக்க உதவும்.

மேல்படி அமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தா, தனி உடை, தனிக் கூட்ட நாள் உண்டு. மாதத்தில் எத்தனை சாயங்காலம் வீட்டை விட்டு வர முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். வேலை மாறி வெளிநாடு போகிறீர்கள் என்றால் பேசாமல் நின்றுவிடாதீர்கள். பாக்கியைக் கட்டி, விலகல் சான்றிதழை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் புதிய ஊரில் எந்த லாட்ஜும் சேர்க்கத் தயங்கும். ஒருவேளை செலவைக் குறைக்க ஏதாவது ஒன்றை விட வேண்டி வந்தால் மேல்படி அமைப்பை விடுங்கள், நீங்கள் முதலில் சேர்ந்த தாய் லாட்ஜின் சந்தாவை நிறுத்தாதீர்கள். லாட்ஜ் உறுப்பினர் என்ற தகுதி போய்விட்டால் அதன் மேல் வாங்கிய படிகளின் உறுப்பினர் உரிமையும் பொதுவாகப் போய்விடும்.